யூனிகோடு ஓர் எழுத்துரு அன்று: தமிழ்க் கோப்புகள் ஏன் உடைகின்றன?

என் பெரியப்பா தம் ஊரின் ஏரிகளையும் குளங்களையும் பற்றி நூற்று நாற்பது பக்கங்கள் எழுதி, 2003-இல் ஒரு கணினி மையத்தில் கொடுத்துத் தட்டச்சு செய்வித்து, குறுந்தகடு ஒன்றில் வாங்கி வைத்திருந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குறுந்தகட்டை என் கணினியில் திறந்தபோது, திரையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. முதற்சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும், அவற்றின் பின்னால் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. கோப்பு கெட்டுவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் முடிவு செய்தார்கள். பெரியம்மா அதன்பின் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் கோப்பு கெட்டிருக்கவில்லை. அந்த ஐந்து குறிகளும் சேர்ந்து "தமிழ்" என்னும் ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

பக்க வடிவமைப்பை ஒட்டிய வேலையில் இருப்பதால், இதே குழப்பத்தை வாரந்தோறும் வெவ்வேறு உருவங்களில் பார்க்கிறேன். "யூனிகோடு ஃபான்டில் அனுப்புங்கள்" என்பார் ஒருவர். "யூனிகோடு பார்க்க அழகாக இல்லை, பாமினியில் மாற்றிவிடுங்கள்" என்பார் இன்னொருவர். "எனக்குத் தமிழ் தொண்ணூற்றொன்பது தெரியாது, அதனால் யூனிகோடு பயன்படுத்த முடியாது" என்பார் மூன்றாமவர். மூவரும் வெவ்வேறு பொருள்களை ஒரே பெயரால் அழைக்கிறார்கள். இந்தக் குழப்பத்தால் திருமண அழைப்பிதழில் ஓர் எழுத்து இடம் மாறினால் திருத்திக்கொள்ளலாம். ஒரு மனிதரின் வாழ்நாள் எழுத்து படிக்க முடியாமல் போனால் அந்த இழப்பு பெரிது. ஆகவே இதைத் தொடக்கத்திலிருந்து விளக்க விரும்புகிறேன்.

மூன்று வேலைகள்

கணினியில் நாம் ஒரு தமிழ்ச் சொல்லை எழுதிப் படிக்கும்போது மூன்று தனித்தனி வேலைகள் நடக்கின்றன. எந்த விசையை அழுத்தினால் எந்த எழுத்து உள்ளே போக வேண்டும் என்று தீர்மானிப்பது முதல் வேலை. அதற்கான ஏற்பாட்டை விசைப்பலகை அமைப்பு என்கிறோம். உள்ளே போன எழுத்தை எந்த எண்ணாகச் சேமிப்பது என்று தீர்மானிப்பது இரண்டாவது. அந்த எண் பட்டியலே குறியாக்கம். சேமித்த எண்ணைத் திரையிலோ தாளிலோ எந்த உருவத்தில் வரைவது என்று தீர்மானிப்பது மூன்றாவது. அந்த உருவங்களின் தொகுப்பே எழுத்துரு, பேச்சு வழக்கில் ஃபான்ட்.

ஜவுளிக் கடையில் தொலைபேசியில் புடவை கேட்பதை நினைத்துப் பாருங்கள். கடைக்காரரின் அட்டவணையில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண் உண்டு. நீங்கள் எண்ணைச் சொல்கிறீர்கள். அவர் அட்டவணையைப் பார்த்துப் புடவையை எடுக்கிறார். அதே எண்ணை வேறொரு கடையில் சொன்னால் வேறொரு புடவை வரும், ஏனெனில் அந்தக் கடையின் அட்டவணை வேறு. குறியாக்கம் என்பது இந்த அட்டவணை. எழுத்துரு என்பது நெசவு: ஒரே வடிவத்தைப் பட்டிலும் நெய்யலாம், பருத்தியிலும் நெய்யலாம். விசைப்பலகை என்பது நீங்கள் எண்ணைச் சொல்லும் வழி, அவ்வளவுதான்.

யூனிகோடு என்பது அட்டவணை. லதா, நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரான் ஆகியவை எழுத்துருக்கள். தமிழ்99 என்பது விசைப்பலகை அமைப்பு. "பாமினி" என்னும் ஒரே பெயர்தான் மூன்றையும் குறிக்கப் பயன்பட்டது. குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பாமினியின் உத்தி

கணினிக்கு எண்கள் மட்டுமே தெரியும். 1960-களில் அமெரிக்காவில் உருவான ஆஸ்கி என்னும் அட்டவணை 128 இடங்களை மட்டுமே கொண்டது. ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் நிறுத்தக் குறிகளும் அதில் இடம்பெற்றன. அந்த அட்டவணையில் சிற்றெழுத்து ஜே 106, கே 107, பி 112, ஓ 111, அரைப்புள்ளி 59. பிற்பாடு இடங்கள் 256 ஆக விரிந்தபோதும் தமிழுக்கு என்று பொதுவான இடம் எதுவும் ஒதுக்கப்படவில்லை.

1980-களிலும் 1990-களிலும் கணினியில் தமிழ் எழுத முனைந்தவர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. அட்டவணையைத் தொடாமல் நெசவை மட்டும் மாற்றினார்கள். 106 என்ற எண் வந்தால் ஜே வடிவத்துக்குப் பதிலாக 'த' வடிவத்தை வரையும்படி ஓர் எழுத்துருவைச் செய்தார்கள். 107-க்கு 'ம', 112-க்கு 'இ'கரக் குறி, 111-க்கு 'ழ', 59-க்குப் புள்ளி. கணினி தான் ஆங்கிலம் எழுதுவதாகவே கருதிக்கொண்டிருக்க, பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் தமிழ் தெரிந்தது. இயங்குதளம் தமிழை அறியாத காலத்தில் பத்திரிகைகளும் நூல்களும் அழைப்பிதழ்களும் வெளிவர வழி செய்த அறிவார்ந்த உத்தி அது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் நாடுகளிலும் பாமினி பரவியது. தமிழ்நாட்டில் வானவில், ஸ்ரீலிபி, இளங்கோ எனப் பல குடும்பங்கள் பரவின. அவர்கள் செய்த உதவியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

அதற்கான விலை பின்னால் வந்தது. நம் வீடுகளில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு இருக்கும். பழைய பிஸ்கட் டப்பாவில் வரமிளகாய் இருக்கும். அம்மாவுக்கு அது தெரியும், ஆகவே சமையல் தடையின்றி நடக்கும். அந்தப் பாட்டிலை மூடியோடு வேறு வீட்டுக்கு அனுப்பி, பெயர்ச்சீட்டை மட்டும் படித்து எடுத்துவைக்கச் சொன்னால் அவர்கள் அதை ஹார்லிக்ஸ் என்றே எடுத்துவைப்பார்கள். கணினி பெயர்ச்சீட்டை மட்டுமே படிக்கும். பாட்டிலைத் திறந்து பார்க்க அதற்குக் கண் இல்லை. பாமினி எழுத்துரு இருக்கும் கணினி அம்மாவின் சமையலறை. அது இல்லாத கணினி அடுத்த வீடு.

எழுத்துரு ஒன்றை நிறுவிவிட்டால் சரியாகிவிடும்தானே என்று கேட்கலாம். பார்ப்பதற்குச் சரியாகிவிடும். ஆனால் கணினியைக் கொண்டு செய்ய வேண்டிய மற்ற எல்லாம் பெயர்ச்சீட்டை நம்பியே நடக்கின்றன. எக்செல்லில் உறுப்பினர் பெயர்களை அகர வரிசையில் அடுக்கச் சொல்லிப் பாருங்கள். பாமினியில் 'அ' எம் விசையின் எண்ணிலும், 'க' எஃப் விசையின் எண்ணிலும் இருப்பதால், கண்ணன் முன்னால் வருவார், அருணாசலம் பின்னால் போவார். தேடுபொறியில் "தமிழ்" என்று தேடினால் அந்தப் பக்கம் அகப்படாது, ஏனெனில் அந்தப் பக்கத்தில் "தமிழ்" என்ற சொல் இல்லவே இல்லை.

எனக்கு இவற்றில் மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. பார்வையற்றோர் என்விடிஏ போன்ற திரைவாசிப்பு மென்பொருளைக் கொண்டு கணினியைப் பயன்படுத்துகிறார்கள். யூனிகோடில் உள்ள தமிழை அது தமிழாகவே ஒலிக்கும். பாமினியில் தட்டச்சு செய்த கோப்பைக் கொடுத்தால், அவர்கள் காதில் விழுவது ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற வரிசைதான். நாம் அனுப்பும் ஒரு சுற்றறிக்கை ஒருவருக்கு முற்றிலும் மூடிய கதவாகிறது என்பது அனுப்பியவருக்குத் தெரிவதே இல்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பழைய எழுத்துருக்கள் ஆங்கில எண்களுக்குத் தமிழ் உருவம் போர்த்தியவை. போர்வை இருக்கும் இடத்தில் தமிழாகத் தெரியும். போர்வை நீங்கினால் உள்ளே இருந்த ஆங்கில எழுத்துகள் வெளியே தெரியும்.

யூனிகோடு தந்த இடம்

உலகின் எல்லா எழுத்து முறைகளுக்கும் ஒன்றோடொன்று மோதாத எண்களைத் தருவதே யூனிகோடின் நோக்கம். 1991-இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இருந்தது. 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் தமிழுக்கு உரியவை. அவற்றில் 'த' 2980, 'ம' 2990, 'இ'கரக் குறி 3007, 'ழ' 2996, புள்ளி 3021. இந்த ஐந்து எண்களும் இந்த வரிசையில் வந்தால் அது சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும், எந்த நிறுவனத்தின் கணினியிலும் "தமிழ்" என்னும் சொல்தான். வேறு எந்த எழுத்து முறையும் இந்த எண்களைத் தொடாது. பாட்டிலின் மேல் "துவரம்பருப்பு" என்றே எழுதி ஒட்டியாகிவிட்டது.

இது உடனே நடைமுறைக்கு வந்துவிடவில்லை. இடைக்காலத்தில் அட்டவணைகள் பெருகின. இணையத்தில் தமிழர்கள் கலந்துபேசி டிஸ்கி என்னும் அட்டவணையை உருவாக்கினார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்து, தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரண்டு அட்டவணைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடும் யூனிகோடுத் தமிழோடும் வந்தது. அதன்பின் வந்த எக்ஸ்பியில்கூட அந்த வசதியை அமைப்புகளுக்குள் போய்த் தனியாக இயக்க வேண்டியிருந்தது. 2010-இல்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தன் தரமாக அறிவித்தது. யூனிகோடுக்கு ஆதரவில்லாத இடங்களுக்காக டேஸ்-16 என்னும் அட்டவணையையும் உடன் ஏற்றது.

இங்கே அடிக்கடி எழும் ஓர் ஐயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். "தமிழில் 247 எழுத்துகள், 128 இடங்களில் அவை எப்படி அடங்கும்? நமக்கு அநீதி நடந்துவிட்டதே" என்று கேட்போர் பலர். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் யூனிகோடு தனி இடம் தரவில்லை என்பது உண்மை. 'கி' என்பதை அது 'க' என்றும் 'இ'கரக் குறி என்றும் இரண்டு எண்களாகச் சேமிக்கிறது. 'க்' என்பது 'க'வும் புள்ளியும். உயிர்களுக்கும் மெய்களுக்கும் குறிகளுக்கும் இடம் இருந்தால் 216 உயிர்மெய்களையும் கூட்டிவிடலாம் என்பதே அதன் கணக்கு. மெய்யும் உயிரும் சேர்ந்தே உயிர்மெய் என்னும் நம் இலக்கணத்தின்படி 'க்'தான் அடிப்படை, 'க' அதன்மேல் அகரம் ஏறியது. யூனிகோடோ 'க'வை அடிப்படையாக வைத்துக்கொண்டது. இந்தக் குறையை உணர்ந்தே டேஸ்-16 ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுத்தது. அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் இன்று உலகத்துக் கருவிகள் அனைத்தும் பேசும் அட்டவணையை விட்டு விலகுவது நமக்கே இழப்பு என்பது என் கருத்து.

இதன் விளைவை நீங்கள் அன்றாடம் சந்திக்கிறீர்கள். "தமிழ்" என்பது நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. இணையப் படிவத்தில் ஐம்பது எழுத்துக்குள் பெயர் கேட்கும்போது நம் பெயர் விரைவில் இடத்தை நிரப்பிவிடுவது இதனால்தான். குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலத்துக்கு 160 இடங்கள், யூனிகோடில் எழுதினால் 70 இடங்கள். "தமிழ்" என்ற ஒரு சொல் அந்த எழுபதில் ஐந்தை எடுத்துக்கொள்ளும்.

எண்கள் எழுத்தாகும் இடம்

இனி உண்மையான இயக்கத்துக்கு வருவோம். ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நோட்பேடைத் திறந்து 'கெ' என்று தட்டச்சு செய்து, பின்னழிப்பு விசையை ஒரு முறை அழுத்துங்கள். வலப்பக்கம் இருக்கும் 'க' நீங்காது. இடப்பக்கம் இருக்கும் ஒற்றைக்கொம்பு நீங்கி, 'க' மட்டும் நிற்கும். கண்ணுக்கு முதலில் தெரிகிற கொம்பு, நினைவகத்தில் இரண்டாவதாக இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

யூனிகோடு எழுத்தை ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது: முதலில் மெய்யின் உரு, பிறகு உயிரின் குறி. 'கெ' என்பது 2965, 3014. அதைத் திரையில் வரைவதற்கு முன்னால், கொம்பை இடப்பக்கம் நகர்த்தும் ஒரு மென்பொருள் நடுவில் நின்று வேலை செய்கிறது. அதை உருவமைப்புப் பொறி என்று அழைக்கலாம். 'கொ' என்றால் அது குறியை இரண்டாகப் பிளந்து கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வைக்கும். 'கு' என்றால் இரண்டு எண்களுக்கும் சேர்த்து எழுத்துருவிலுள்ள ஒற்றை உருவத்தை எடுத்து வைக்கும். அச்சுக் கோக்கும் பழைய அச்சகத்தில், ஒருவர் வாசிக்க வாசிக்க மற்றொருவர் கட்டையை எடுத்து எந்தக் கட்டை முன்னே, எந்தக் கட்டை பின்னே என்று அறிந்து அடுக்குவார். உருவமைப்புப் பொறி அந்த அச்சுக் கோப்பவர்.

பாமினிக்கு இந்த அச்சுக் கோப்பவர் தேவைப்படவில்லை. அங்கே தட்டச்சர் கண்ணில் தெரியும் வரிசையிலேயே கொம்பை முதலிலும் 'க'வைப் பின்னாலும் அடித்துவிடுவார். அதனால்தான் பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் பாமினி ஒழுங்காக வந்தது, யூனிகோடு உடைந்தது. அந்த மென்பொருள்களில் தமிழ் அறிந்த அச்சுக் கோப்பவர் இல்லை. எண்கள் வந்த வரிசையிலேயே கட்டைகளை அடுக்கிவிட்டார்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் தொங்கும் சுவரொட்டிகளையும் அறிவிப்புப் பலகைகளையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "யூனிகோடு வடிவமைப்புக்கு ஒத்துவராது" என்னும் நம்பிக்கை அந்தக் காலத்து அனுபவத்திலிருந்து வந்தது. அன்று அது உண்மை. இன்று பெரும்பாலும் உண்மையில்லை.

எந்த விசையில் அடித்தாலும்

விசைப்பலகையைப் பற்றி நீளப் பேசத் தேவையில்லை, ஆனால் ஒரு தவறான எண்ணத்தை நீக்கியாக வேண்டும். "அம்மா" என்று அடிக்கத் தமிழ்99-இல் அ, ம, ம, ஆ என நான்கு தட்டல்கள் போதும். ஒரே மெய் இரு முறை வந்தால் முதலாவதற்கு அதுவே புள்ளி வைத்துவிடும். ஆங்கில ஒலிப்பு முறையில் ஐந்து தட்டல்கள். பழைய தட்டச்சு முறையிலும் ஐந்து. மூன்று வழியாகப் போனாலும், யூனிகோடு இயக்கத்தில் இருந்தால் உள்ளே சேர்வது ஒரே ஐந்து எண்கள்தான். கோப்பைப் பார்த்து அதை எந்த முறையில் அடித்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே தட்டச்சுத் தேர்வு எழுதித் தேறி, இருபது ஆண்டுகளாகப் பழைய அமைப்பில் விரல் பழகியவர்கள் யூனிகோடுக்காக அந்தப் பழக்கத்தை விட வேண்டியதில்லை. என்எச்எம் ரைட்டர், அழகி போன்ற கருவிகள் பழைய தட்டச்சு அமைப்பிலேயே யூனிகோடை எழுத வழி தருகின்றன. புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு மட்டும் தமிழ்99-ஐப் பரிந்துரைப்பேன். உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் பெரும்பாலும் பிரிந்து வருவதால் கைகள் மாறி மாறி இயங்கும், வேகம் தானாக வரும்.

உடைந்ததை எப்படிக் கண்டறிவது

தமிழ் சரியாகத் தெரியவில்லை என்றால் எங்கே பிழை என்பதைப் பெரும்பாலும் பார்வையிலேயே சொல்லிவிடலாம். ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும் கலந்த குவியலாக வந்தால், அது பழைய குறியாக்கத்தில் உள்ள உரை. வெற்றுக் கட்டங்களாக வந்தால், எண்கள் சரியாக இருக்கின்றன, அவற்றுக்கு உருவம் தரும் எழுத்துரு அந்தக் கருவியில் இல்லை. எழுத்துகள் தமிழாகவே இருந்து கொம்பும் காலும் இடம் மாறியிருந்தால், உருவமைப்புப் பொறி வேலை செய்யவில்லை. புள்ளிகளாலான சிறு வட்டத்தோடு ஒரு குறி தனித்து நின்றால், அது சேர வேண்டிய மெய் அதற்கு முன்னால் இல்லை என்று பொருள். பெரும்பாலும் யாரோ கொம்பை முதலில் அடித்திருப்பார்கள்.

மிகுதியாக என்னிடம் வரும் கேள்வி இது: "உரையைத் தேர்ந்தெடுத்துப் பாமினி எழுத்துருவுக்கு மாற்றினேன், ஒன்றுமே மாறவில்லை, ஏன்?" உரை யூனிகோடில் இருக்கிறது, 2980 என்ற எண்ணுக்குப் பாமினியில் உருவமே இல்லை. உருவம் இல்லாதபோது கணினி, தன்னிடமுள்ள வேறொரு தமிழ் எழுத்துருவைத் தானே எடுத்து வைத்துக்கொள்கிறது. அதற்கு மாற்று எழுத்துரு என்று பெயர். நீங்கள் பார்ப்பது லதாவையோ நிர்மலாவையோ, பாமினியை அன்று.

வேர்டில் இதே கேள்வி வேறு காரணத்தாலும் எழும். அதன் எழுத்துருச் சாளரத்தில் ஆங்கிலம் போன்றவற்றுக்கு ஒரு கட்டமும், "காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்" என்ற தலைப்பில் தமிழ் போன்றவற்றுக்கு இன்னொரு கட்டமும் உண்டு. மேற்கட்டத்தில் மாற்றினால் ஆங்கிலம் மட்டுமே மாறும். தமிழுக்குக் கீழ்க்கட்டத்தில் மாற்ற வேண்டும், அளவையும் அங்கேதான் மாற்ற வேண்டும். லிப்ரே ஆபிஸிலும் இதே ஏற்பாடுதான். இந்த ஒரு செய்தி தெரியாமல் பல மணி நேரம் போராடியவர்களை அறிவேன்.

யூனிகோடா இல்லையா என்று உறுதி செய்ய எளிய வழி: இரண்டு சொற்களை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே நின்றால் யூனிகோடு. ஆங்கிலமாக மாறினால் பழைய குறியாக்கம். பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்து மட்டும் இதைச் சோதிக்காதீர்கள். பிடிஎஃப் வரைந்த உருவங்களை முதன்மையாக வைத்திருப்பது. அவற்றை எண்களாகத் திருப்பிச் சொல்லும் பட்டியல் அதற்குள் சரியாக இல்லையெனில், யூனிகோடில் செய்த பக்கத்திலிருந்தும் குழம்பிய எழுத்துகளே வரும். பிடிஎஃப் இருக்கிறதே என்று மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

வடிவமைப்பு மென்பொருளில்

இன்டிசைனில் பத்திப் பலகத்தின் மெனுவைத் திறந்து "வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்" என்பதைத் தேர்ந்தெடுத்தால், தமிழ் அறிந்த அச்சுக் கோப்பவர் வேலைக்கு வந்துவிடுவார். இல்லஸ்ட்ரேட்டரில் விருப்பத்தேர்வுகளின் எழுத்துப் பகுதியில் இந்திய மொழிகளுக்கான விருப்பங்களைக் காட்டச் சொல்ல வேண்டும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான உரை ஏற்பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் "அடோபியில் தமிழ் வராது" என்று சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். விலையில்லா மென்பொருள்களான இங்க்ஸ்கேப்பிலும் கிம்ப்பிலும் எந்த அமைப்பையும் தொடாமலேயே தமிழ் ஒழுங்காக வரும். சிறு பணிகளுக்கு, அதுவும் பள்ளி, நூலக வேலைகளுக்கு, அவற்றையே நான் பரிந்துரைக்கிறேன்.

அழகைப் பற்றிய குறையும் பழங்கதையாகிவிட்டது. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் முக்தா மலரைத் திரையில் நீண்ட உரைக்கு வைப்பேன். கட்டுமரத்தின் பெயர் தாங்கிய கட்டமரான் தலைப்புகளுக்கு நன்றாக நிற்கும். சிறுவர் நூலென்றால் பலூ தம்பி. அச்சு நூலுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் நம்பத்தக்கது, சற்று இறுக்கமானதுதான். சாய்ந்த கையெழுத்துச் சாயலுக்குக் கவிவனார். பழைய குடும்பங்களில் இருந்த அலங்கார எழுத்துருக்களின் எண்ணிக்கைக்கு இவை இன்னும் ஈடாகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். திருமண அழைப்பிதழ் வடிவமைப்பவர்கள் பழையதை விடாததற்கு அதுவே காரணம். அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: மூல உரையை யூனிகோடில் வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பில் ஒரே ஒரு வரிக்குப் பழைய அலங்கார எழுத்து வேண்டுமென்றால், அந்த வரியை மட்டும் மாற்றி, அச்சுக்கு அனுப்பும் பிரதியில் வெறும் கோட்டுருவமாக்கிவிடுங்கள். போர்வை அந்த ஒரு தாளோடு நிற்கட்டும்.

பழைய கோப்புகளை மீட்பது

பழைய குறியாக்கத்திலிருந்து யூனிகோடுக்கு மாற்றுவது கடினமன்று. என்எச்எம் கன்வெர்ட்டர், பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் உண்டு. அவற்றிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே: மூலம் எந்தக் குறியாக்கம்? வேர்டு கோப்பாக இருந்தால் எழுத்துருவின் பெயர் கோப்பிலேயே இருக்கும், அதைக் கொண்டு முடிவு செய்யலாம். வெறும் உரைக் கோப்பாக இருந்தால் எழுத்துருவின் பெயர் அதில் சேமிக்கப்படாது. எந்த அட்டவணைப்படி அடித்தது என்பதை ஊகித்தே அறிய வேண்டும். அதற்காகத்தான் தொடக்கத்தில் சொன்ன அந்த ஐந்து குறிகளை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற வரிசை கண்ணில் பட்டால் அது பாமினி வழி வந்தது.

பெரியப்பாவின் கோப்பு அப்படி வெறும் உரையாகத்தான் இருந்தது. குறியாக்கம் தெரிந்தபின் மாற்றுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிழை பார்ப்பதற்கு இரண்டு மாலைகள் ஆயின. மாற்றிக்கு ஆங்கிலம் எது, போர்வை போர்த்திய தமிழ் எது என்று பிரித்தறியும் வழி இல்லை. அதற்கு எல்லாமே ஒரே எண்கள். பெரியப்பா பொதுப்பணித் துறையைச் சுருக்கமாக ஆங்கிலத்தில் பி டபிள்யூ டி என்று மூன்று பெரிய எழுத்துகளில் எழுதியிருந்த இடமெல்லாம், ஈகாரக் குறி ஒன்று முன்னால் ஒட்டிய "றுனு" என்னும் பொருளற்ற உருவாக மாறியிருந்தது. மதகு உடைந்த ஆண்டும் கலங்கலின் நீளமும் இலக்கங்களாக இருந்ததால் மாறவில்லை. நானும் பெரியம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "றுனு" வரும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினோம். பிறகு பெரியம்மா தேடல் கட்டத்தில் தம் பிறந்த வீட்டுக்குப் பின்னால் இருந்த குளத்தின் பெயரை அடிக்கச் சொன்னார். எழுபத்திரண்டாம் பக்கத்தில் அது இருந்தது.